முக்கால்வாசி என்று ஒன்று கிடையாது

பஸ் ஏறுவதில் அந்த அம்மாளுக்கு ஒரு கொள்கை உண்டு. கூட வந்தவர்கள் அத்தனை பேரும் ஏறினால்தான் ஏறியதாகக் கணக்கு. ஒருவர் கீழே நின்றுவிட்டாலும், ஏறியவர்களை எல்லாம் இறக்கிவிடுவார்.

இது எனக்குத் தெரியவந்தது எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் கல்யாணத்துக்குக் கண்டமங்கலம் போனபோது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் புதுச்சேரி வண்டி புறப்படத் தயாராக நின்றது. எங்கள் கூட்டம் ஏறி, ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு, தோற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் ஆகிவிட்டது. நான் மட்டும் கீழே, பரிசுக் கடிகாரத்தைச் சுற்றுவதற்கு வண்ணக் காகிதம் தேடி ஒவ்வொரு கடையாக அலைந்துகொண்டிருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எறங்குங்க எல்லாரும்," என்றாராம் அந்த அம்மாள்.

கண்டக்டருக்குத் தாங்கவில்லை. "யம்மா, ஒருத்தர் அடுத்த வண்டில வந்துக்கினா என்னாம்மா? பேஜாரு பண்ணாதீங்க."

"வந்துக்கினா சரி. வரலன்னா? பாதிப் பேரு அங்க, மீதிப் பேரு இங்க. யாரு வந்தாங்க, யாரு வரலன்னு கல்யாண வூட்டு வாசல்ல நான் தேடிக்கினு நிக்கணுமா? எறங்குங்க. அடுத்த வண்டில எல்லாரும் சேந்து போலாம்."

நான் காகிதத்தோடு ஓடிவந்தபோது ஒரு முழு பஸ்ஸளவு வெறுப்பு என்னை நடைமேடையில் வரவேற்றது. அவர் ஒருவர்தான் சிரித்தார். "வாங்க சார். ஒன்னும் கெட்டுப் போவல. நாங்க யாரும் இன்னும் கெளம்பவே இல்ல."

விழுப்புரத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நான் நிர்வாக அலுவலர். பட்டம் பெரிது. டியூப்லைட் எரியவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், கம்ப்யூட்டர் எரிந்துவிட்டது என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மாள் எங்கள் நோயாளிகளின் விவரங்கள் அடங்கிய டேட்டாபேஸைக் கவனிக்க வந்தவர். என் வயதுதான் இருக்கும். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, கணவர் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்ததால் இந்தப் பக்கமே திரும்பியவர். பிறந்த ஊர் மேல்சித்தாமூர், தலைமுறை தலைமுறையாக ஜைனக் குடும்பம். வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, பொழுது சாய்ந்தபின் சாப்பாடே கிடையாது. எங்கள் மேனேஜர் ஒருமுறை இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்து சமோசா வரவழைத்தார். "சமோசாக்குள்ள இருக்கறதையும் சாப்பிட மாட்டேன், சமோசா வர்ற நேரத்துலயும் சாப்பிட மாட்டேன். எனக்கு எதுக்கு இந்த மீட்டிங்கு?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடக்கமானவர் என்ற குற்றச்சாட்டை அவர்மேல் யாரும் வைத்ததில்லை.

அவர் கணவர் சாதுவான மனிதர். சாயங்காலங்களில் மனைவியை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்து, எங்கள் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். அவர்கள் வீடு மாற்றிய கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். திண்டிவனத்திலேயே ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு மாற்றம். கட்டில், பீரோ, அரிசி மூட்டை எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசி நடை கிளம்பிய மினி லாரி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அச்சு முறிந்து படுத்துவிட்டது. அதில் இருந்தவை அடுப்பும் பாத்திரங்களும்.

"நான் சொன்னேன் சார், நாளைக்கி காலைல கொண்டாந்துக்கலாம்னு. 'கட்டில் ஒரு வூட்ல, கரண்டி ஒரு வூட்லன்னா நாம எந்த வூட்ல குடியிருக்கோம்?'னு கேட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, போன சாமான் மொத்தத்தையும் திருப்பி ஏத்திக்கினு பழைய வூட்டுக்கே வந்துட்டோம். பழைய வூட்டு சாவிய அவ அது வரிக்கும் குடுக்கவே இல்ல சார். 'புது வூட்ல பால் பொங்கட்டும், அப்புறம் குடுக்கறேன்'னு முந்தானைல முடிஞ்சி வச்சிக்கினு இருந்தா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். சாமான் சுமந்தவருக்கு அவ்வளவு சிரிப்பு வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் அதே குணம் சிரிப்பு வராத இடங்களிலும் வேலை செய்தது. அவருடைய மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். தட்டு மாற்றியாயிற்று, இலை போட்டாயிற்று. மாப்பிள்ளையின் பெரியப்பா ஏப்பத்துக்கு முன்னேற்பாடாகச் சாய்ந்து உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று போகிறபோக்கில் சொன்னார். ஏற்கெனவே பேசி முடித்த விஷயங்களில் அது இல்லை. அந்த அம்மாள் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒன்னு ஒத்து வரலன்னா எதுவுமே நடக்கலன்னு வச்சிக்கலாங்க. தட்ட எப்படி மாத்தினோமோ அப்படியே திருப்பி மாத்திக்கலாம்," என்றார். மாற்றிக்கொண்டார்கள். வெற்றிலை எண்ணிக்கை உட்பட வந்தது வந்தபடி திரும்பிப் போயிற்று. இவ்வளவு சுத்தமாக ஒரு விஷயத்தை இல்லாமல் ஆக்க முடியும் என்பது எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெண் பிறகு பெங்களூரில் வேலைக்குப் போய், தனக்குப் பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். அந்த அம்மாளும் கணவரும் இப்போது அங்கேதான். அதனால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இனி என் ஸ்கிரிப்ட்.

எங்களுக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை இருந்தது. அங்கே இருந்த பழைய கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து மூச்சு வாங்க ஆரம்பித்ததால், அதிலுள்ள நோயாளிகளின் விவரம் முழுவதையும் விழுப்புரத்து டேட்டாபேஸுக்கு ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. வீடியோக்களைப் பார்த்து நிரல் எழுதப் பழகியிருந்த திமிரில் அந்த வேலைக்கான கட்டளைத் தொகுப்பை, அதுதான் ஸ்கிரிப்ட், நானே எழுதினேன். ஒத்திகைக்கென்று அந்த அம்மாள் தனியாக ஒரு நகல் டேட்டாபேஸ் வைத்திருந்தார். என்னைப் போன்றவர்களை அவர் அதில்தான் விளையாட விடுவார். காலையில் ஓடத் தொடங்கிய ஸ்கிரிப்ட், நான் மதியச் சாப்பாடு முடித்து வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தார். "என்னா சார் பண்ணுது இது?"

"ஒவ்வொருத்தரா உள்ள வைக்குது மேடம்."

"ஒருத்தர வைக்குது, கதவ சாத்துது, பூட்டுது. மறுபடி தொறக்குது, அடுத்தவர வைக்குது, மறுபடி பூட்டுது. கடுகு வாங்க ஒரு தபா, சீரகம் வாங்க ஒரு தபா கடைக்குப் போவீங்களா நீங்க?"

போவேன். என் வீட்டில் அப்படித்தான் அனுப்புவார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. பட்டியலில் புதுச்சேரிப் பக்கத்து டிசில்வா ஒருவர் வந்திருந்தார். ஆங்கிலத்தில் அவர் பெயரின் நடுவே ஒற்றை மேற்கோள் குறி ஒன்று தொங்கும். நான் ஒவ்வொரு பெயரையும் கட்டளை வரிக்குள்ளேயே பசை போட்டு ஒட்டியிருந்தேன். அந்தக் குறியைக் கண்டதும் பெயர் அத்தோடு முடிந்தது என்று நினைத்து, மீதி எழுத்து புரியாமல் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

"பேர கட்டளையோட ஒட்டாதீங்க சார். பந்தில எல போடற மாதிரி காலி எடத்த மட்டும் போட்டு வைங்க. வர்றவங்க அவங்கவங்க எடத்துல உக்காந்துக்குவாங்க. அவங்க பேர்ல என்னா தொங்குனா நமக்கு என்னா?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே மாற்றி எழுதினார். கட்டளை ஒன்றுதான், அதில் காலி இடங்கள். ஆட்கள் ஒருவர் ஒருவராக அல்லாமல் ஐந்நூறு ஐந்நூறு பேராக உள்ளே போனார்கள். கதவு ஒரே முறை திறந்தது. எல்லாரும் போன பிறகு 'கமிட்' என்று ஒரு சொல் கொடுத்தால் ஒரே முறை பூட்டும். அந்தச் சொல் கொடுக்கும்வரை உள்ளே போனவர்கள் போகாதவர்கள் மாதிரிதான். நடுவில் ஏதாவது கோளாறு என்றால் 'ரோல்பேக்' என்று இன்னொரு சொல். அதைச் சொன்னால் வந்த சுவடே இல்லாமல் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். இந்த இரண்டு சொற்களையும் கம்ப்யூட்டர் அவர் வீட்டில்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அதே வேலை முடிந்துவிட்டது. எனக்கு அவமானமாக எல்லாம் இல்லை. ஸ்கிரிப்ட் ஓடுகிற சாக்கில் அன்று முழுதும் வேறு வேலை பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன், அந்த வருத்தம்தான்.

அசல் மாற்றத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார்கள். மறுநாள் காலை திண்டிவனத்து நோயாளிகளுக்கு விழுப்புரத்தில் கண்புரை ஆபரேஷன். அவர்களில் ஒருவர் என் மனைவியின் அண்ணன். பனமலையில் மல்லாட்டை பயிர் செய்கிறவர். முன்பு எப்போதோ காய்ச்சலுக்கு ஒரு சல்ஃபா மாத்திரை விழுங்கி, உதடும் தொண்டையும் வீங்கி, மூச்சு அடைத்து, பிழைத்து வந்தது பெரிய பாடு. கண் ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணின் அழுத்தம் குறைய எங்கள் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையும் அந்த வகையறாதான். திண்டிவனத்து டாக்டர் விசாரித்து, 'ஒவ்வாமை' என்ற இடத்தில் அதைப் பதிந்து வைத்திருந்தார்.

"எங்க அண்ணனுக்கு அந்த மாத்திரைய குடுத்துடப் போறாங்க. நீங்கதான் பாத்துக்கணும்," என்று வீட்டில் எனக்கு இட்லி வைக்கும்போதெல்லாம் ஒரு கரண்டி எச்சரிக்கையும் விழுந்துகொண்டிருந்தது. மச்சானுக்கு அந்தக் கவலையே இல்லை. மல்லாட்டை பிடுங்குவதற்குள் கண் தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் நான், அந்த அம்மாள், மேனேஜர் மூவரும் உட்கார்ந்தோம். மேசை ஓரத்தில், பொழுது சாய்வதற்குள் அந்த அம்மாள் சாப்பிட வேண்டிய சாப்பாட்டு டப்பா இருந்தது. முதலில் நோயாளிகள், அடுத்து அவரவருக்கு ஆகாத மருந்துகள் என்று வரிசை. நோயாளிகள் கடகடவென்று உள்ளே போனார்கள். ஆகாத மருந்துகள் முக்கால்வாசி போனதும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. மருந்து இருக்கிறது, அதற்கு உரிய ஆள் பட்டியலில் இல்லை என்றது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "முக்கால்வாசி ஏறிடுச்சில்ல மேடம்? அத்தோட கமிட் குடுத்துடுங்க. மீதிய நாளைக்கு மெதுவா ஏத்திக்கலாம். சேர்மன் போன் மேல போன் போட்டுக்கினு இருக்காரு."

எனக்கு என்னவோ தோன்றி, மச்சானைத் தேடச் சொன்னேன். பெயர் வந்தது, ஊர் வந்தது, வலது கண் என்று வந்தது. ஒவ்வாமை என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று பச்சை எழுத்தில் வந்தது.

"மேடம், இவரு என் மச்சான். இவருக்கு சல்ஃபா ஆகாது. உயிருக்கே ஆபத்து. இல்லன்னு போட்டிருக்கே!"

"அது இன்னும் ஏறல சார். ஏறலன்னு சொல்ல அதுக்குத் தெரியாது. இல்லன்னுதான் சொல்லும்."

"அதான் கண்டுபுடிச்சாச்சே," என்றார் மேனேஜர். "சாரோட மச்சான் வரிய மட்டும் கையால திருத்திடுங்க. ஜல்தியா முடிச்சிக்கலாம்."

முதலில் தலையாட்டியது நான்தான்.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்க மச்சானுக்கு நீங்க இருக்கீங்க சார். அவருக்கு அடுத்த வரில இருக்கறவருக்கு யாரு இருக்காங்க?"

மேனேஜர் விடவில்லை. "மேடம், ஒன்னுமே இல்லாம காலைல எப்பிடி ஆபரேஷன் பண்றது?"

"ஒன்னுமே இல்லன்னா நர்சுங்க பழைய ஃபைல தேடி எடுத்துப் பாப்பாங்க. முக்கால்வாசி இருந்துச்சின்னா இத நம்பிடுவாங்க. காலியா இருக்கறது பொய் சொல்லாதுங்க. முக்கால்வாசிதான் சொல்லும்."

ரோல்பேக் என்று தட்டினார். ஏறியவர்களின் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. மேனேஜர் 'ஐயோ' என்று தலையில் கை வைத்தார். அவர் போன் மறுபடியும் அடித்தது, எடுக்கவில்லை.

ஆள் இல்லாத மருந்து யாருடையது என்று திண்டிவனத்துக்குப் போன் போட்டோம். அங்கே வரவேற்பில் இருக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஒரே பேரு மேடம், ஒரே ஊரு, பனமலை. தெரியாம ரெண்டு தபா பதிஞ்சிட்டாங்கன்னு ஒன்ன எடுத்துட்டேன்."

"இனிஷியல் பாத்தியா?"

"அதுவும் ஒன்னுதான் மேடம்."

பனமலை என்றதும் நான் மச்சானுக்குப் போன் போட்டு அந்தப் பெயரைச் சொன்னேன். "அந்தப் பேர்ல ஒங்க ஊர்ல எத்தினி பேரு மச்சான்?"

"ரெண்டு பேரு மாப்ள. மேலத் தெருவுல ஒருத்தன், கீழத் தெருவுல ஒருத்தன். அண்ணன் தம்பி புள்ளைங்க. ரெண்டு வூட்லயும் தாத்தா பேர வச்சிட்டாங்க. அப்பனுங்க பேரும் ஒரே எழுத்துலதான் ஆரம்பிக்கும். கடுதாசி வந்தாகூட ரெண்டு பேரும் படிச்சிட்டுதான் குடுத்துக்குவானுங்க. அது கெடக்கட்டும், நாளைக்கி எனக்கு ஆபரேஷன் உண்டா, இல்லியா?"

"உண்டு மச்சான்."

"தள்ளிக்கிள்ளி வச்சிடப் போறானுங்க. பாத்துக்க."

தாத்தா பெயரை இரண்டு பேரன்களுக்கும் வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அதில் ஒரு பேரனை ஒரு பொத்தானைத் தட்டி இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்று அந்தத் தாத்தா எதிர்பார்த்திருக்க மாட்டார். திண்டிவனத்துப் பெண், தான் எடுத்துவிட்ட கீழத் தெருக்காரரைப் பழையபடி சேர்த்து அனுப்பினாள். விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்றார் மேனேஜர். அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. முதல் ஆளிலிருந்து தொடங்கினார்.

மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் நீளமாக விழுந்திருந்தது. அந்த டப்பா இன்னும் திறக்கப்படவில்லை. ஐந்நூறு ஐந்நூறாக ஆட்கள் போனார்கள், பின்னாலேயே மருந்துகள் போயின. சிவப்பு வரி வரவில்லை. திண்டிவனத்து எண்ணிக்கையும் விழுப்புரத்தில் ஏறிய எண்ணிக்கையும் ஒத்துப்போயின. பட்டியலின் தலையில் ஒருவரை, நடுவில் ஒருவரை, கடைசி ஆளை என்று எடுத்துப் பார்த்தார். பிறகு நான் கேட்காமலே மச்சானை எடுத்தார். ஒவ்வாமை என்ற இடத்தில் சிவப்பு எழுத்தில் 'சல்ஃபா' என்று இருந்தது. மச்சானைப் பற்றி இவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

கமிட் கொடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு டப்பாவோடு வெளியே ஓடினார். கடைசி வாய்ச் சோறு முந்தியதா சூரியன் முந்தியதா என்று நான் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கியிருந்தது. கண் ஆஸ்பத்திரியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

திங்கட்கிழமை காலை, மச்சானுக்கு நான் இருந்தேன். கேன்டீனில் இருந்தேன். உறவுக்காரர்களை ஆபரேஷன் அறைப் பக்கம் விடமாட்டார்கள், நான் ஊழியன் என்றாலும் அந்தக் கதவுக்கு நான் உறவுக்காரன்தான். உள்ளே நடந்ததைப் பிறகு நர்ஸ்தான் வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"ஐயா, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?" என்று அவள் கேட்டிருக்கிறாள், கையில் மாத்திரைக் கிண்ணத்தோடு.

"ஒன்னும் இல்லம்மா. எது குடுத்தாலும் செரிக்கும் எனக்கு."

"சல்ஃபா ஆகாதுன்னு போட்டிருக்கே?"

ஆம் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மல்லாட்டை நிற்காது என்று மச்சான் அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டிருக்கிறார். "அது வேற யாரோம்மா. எங்க ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு ரெண்டு பேரு இருக்கானுங்க. நேத்துகூட இதுக்குப் போன் வந்துச்சி. வேணும்னா எங்க மாப்ளைய கேளு, இங்கதான் ஆபீஸரு."

நர்ஸ் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கேன்டீனுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருந்திருக்கும். அவள் பட்டியலைத் தேடிப் பார்த்தாள். பனமலைக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மேலத் தெருக்காரர் இருந்தார், கீழத் தெருக்காரர் இருந்தார். மச்சான் பெயரில் மச்சான் ஒருவர்தான் இருந்தார்.

"எல்லாரும் இதுல இருக்காங்க ஐயா. இந்தப் பேர்ல நீங்க மட்டுந்தான்," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வேறு மருந்து கொண்டுவந்தாள். ஆபரேஷன் தள்ளிப்போகவும் இல்லை.

கண்ணில் கட்டோடு சக்கர நாற்காலியில் மச்சான் வெளியே வந்தார். "யாருய்யா உள்ள போட்டுக் குடுத்தது, நீயா?"

"நான் இல்ல மச்சான்."

"நல்லாத் திட்டிடுச்சி அந்தப் பொண்ணு. வூட்ல சொல்லாத."

என் மனைவிக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "எங்க அண்ணன் எப்பிடி இருக்காரு?"

"முழுசா இருக்காரு," என்றேன்.